கடைக்கண் நோக்கிய சான்றோர்

பண்டைத் தமிழகத்தில் நூலை அரங்கேற்றுவது உயிருக்கே உலை வைக்கும் காரியம் என்று கதை சொல்வார்கள். பிழையோடு பாடினால் பிள்ளைப் பாண்டியன் தலையில் குட்டுவான். வில்லிபுத்தூரார் காதை அறுப்பார். ஒட்டக்கூத்தர் தலையையே வாங்கிவிடுவார். இந்த மூவரின் கண்டிப்பைப் புகழாதவர் இல்லை. ஆனால் மூவரிடமும் ஒரு பெருங்குறை இருந்ததை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. குட்டுவதற்கும் அறுப்பதற்கும் வெட்டுவதற்கும் முன்னால் இவர்கள் பாட்டைக் கேட்டார்கள். கேட்டால்தான் பிழை தெரியும் என்ற அளவில்தான் அவர்களுடைய புலமை இருந்திருக்கிறது. பாவம், அந்தக் காலம் அப்படி.

அக்குறை அறவே நீங்கிய ஒரு சான்றோர் அவை நம் காலத்தில், கணினி நிரலாளர் உலகில் எழுந்தருளியிருக்கிறது. எவரோ ஒருவர் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க ஒரு திறமூல லைப்ரரி எழுதுகிறார். அது உலகோர் கையாளத் தக்கதுதானா என்று சக நிரலாளர்களே கூடி ஆய்ந்து தீர்ப்பு வழங்குவார்கள். அப்படியோர் அவையின் முன் அண்மையில் ஒரு ஸ்டேட் மெஷின் லைப்ரரி கைகட்டி வாய்பொத்தி நின்றது. அன்று அப்பெருமக்கள் உதிர்த்த திருவாக்குகளை ஒரு வரி விடாமல் படிக்கும் பேறு பெற்றவன் நான். படித்த இன்பத்தைத் தனியே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஸ்டேட் மெஷின் என்றால் என்னவென்று அறியாத வாசகர்கள் இருக்கலாம். அவையிலும் ஓரிருவர் இருந்தார்கள். அது அவர்களைத் தடுத்துவிடவில்லை. தமிழில் நிலைப்பொறி எனலாம். லிஃப்ட் நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது, கதவைத் திறந்து வைத்திருக்கிறது: இவை நிலைகள். நாம் பொத்தானை அழுத்துவது நிகழ்வு. கதவு திறந்திருக்கும்போது ஏறச் சொன்னால் ஏறக்கூடாது என்பது காவல். எந்த நிலையில் எந்த நிகழ்வு வந்தால் எந்த நிலைக்குப் போவது, போகிற வழியில் என்ன செய்வது என்று அட்டவணை போட்டுவிட்டால் பொறியின் முழுக் குணமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். 1955இல் மீலியும் 1956இல் மூரும் இதற்குக் கணித உருவம் கொடுத்தார்கள். பின்னர் 1980களில் டேவிட் ஹரேல் என்பவர் இஸ்ரேலின் லாவி போர்விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்த பொறியாளர்களிடம் வாரந்தோறும் போய் உட்கார்ந்து, இந்தப் பொத்தானை இந்த நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும், அந்த நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நிலைக்குள் நிலை, ஒரே சமயத்தில் பக்கம்பக்கமாக ஓடும் நிலைகள், விட்ட இடத்தை நினைவில் வைத்துத் திரும்பும் நிலை என்று அவர் வரைந்த ஸ்டேட்சார்ட் 1987இல் கட்டுரையாக வந்தது. மென்பொருளைப் படமாக வரையும் மொழியான யூஎம்எல் அதையே எடுத்தாண்டது. ஒரு கருத்தைச் சொல்வதற்கு முன் ஹரேல் இத்தனை தூரம் அலைந்ததை நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. நம் அவையோரைக் கேட்டிருந்தால், அலையாமலே கருத்துச் சொல்லும் கலையை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

நூலைக் கொண்டுவந்தவர் எளியவர். பகலில் சம்பளத்துக்கு நிரல் எழுதி, இரவில் இதை எழுதியவர். தலைப்புக் கோப்புகள் மட்டுமே கொண்ட சி++ லைப்ரரி அது. அட்டவணையை அப்படியே நிரலில் எழுதினால் கம்பைலரே சரிபார்த்துக் கொடுக்கும். சோதனை நிரல்கள் இருந்தன, விளக்க ஆவணம் இருந்தது, மெட்ரோ ரயில் நிலையத்து டிக்கெட் வாயிலை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு பாடமும் இருந்தது. பூட்டியிருக்கிறது, கார்டு காட்டினால் கட்டணம் பிடி, திற, ஆள் உள்ளே போனதும் பூட்டு. ஒரு குழந்தைக்கும் விளங்கும். குழந்தைக்கு விளங்கும்படி எழுதியதே அவர் செய்த முதல் குற்றம் என்பது பின்னால் தெரிந்தது.

இத்தகைய அவைகளுக்கெல்லாம் மூத்தது 1998இல் பீமன் டாவ்ஸ் முதலானோர் தொடங்கிய பூஸ்ட். சி++ உலகில் அதன் முத்திரைக்குத் தனி மதிப்பு; அங்கிருந்து போன சில லைப்ரரிகள் பின்னர் மொழியின் தரநூலகத்திலேயே இடம்பெற்றன. அங்கே ஒரு முறைமை வகுத்தார்கள். மதிப்பாய்வுக்கு ஒரு மேலாளர். ஏறத்தாழ பத்து நாள் அவகாசம். ஆய்வோருக்குச் சில வினாக்கள். வடிவமைப்பு எப்படி, நிரல் எப்படி, ஆவணம் எப்படி, பயன் உண்டா, ஓட்டிப் பார்த்தீரா, எந்தக் கம்பைலரில், இத்துறையில் உமக்குப் பழக்கம் உண்டா. கைகளை எண்ணுவதில்லை, சொன்ன காரணங்களை எடைபோட்டு மேலாளர் முடிவு சொல்வார். நான் இங்கே வணங்குவது அந்த முறைமையை இரவல் வாங்கிய வேறொரு சிற்றவையை. பெயர் சொல்லலாம்தான், ஆனால் சொன்னால் அவர்களுடைய தன்னடக்கம் நோகும்.

அந்த வினாக்களுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஆய்வுக்கு எவ்வளவு உழைத்தீர் என்று கேட்டு, விடைக்கு மூன்று வழி காட்டியிருப்பார்கள்: ஒரு பார்வையா, விரைவான வாசிப்பா, ஆழ்ந்த படிப்பா. மற்ற அவைகளில் எப்படியோ அறியேன். இந்த அவையின் பெருந்தகைகள் ஒருவர் விடாமல் முதலாவதையே தேர்ந்தார்கள். அற்பர்கள் இதைச் சோம்பல் என்பார்கள். கடைக்கண் நோக்கு ஒன்று கிடைத்தால் போதும் என்று உருகி உருகி வாழ்ந்த அடியார் மரபில் வந்தவர்களுக்கல்லவா தெரியும், அது எத்தகைய அருள் என்று! அருள்கிறவர் இறங்கிவந்து நம் வீட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பாரா? தலைப்புக் கோப்பைத் திறந்தார்கள், முதல் திரை தெரிந்தது, அருளினார்கள். இரண்டாம் திரைக்கு உருட்டிப் போவது சந்தேகப் பிராணிகளின் செயல்.

முதலில் திருவாய் மலர்ந்தவர் மூத்தவர், பலநாள் பழம்பெருமை உடையவர். தாம் நிரலைத் தரவிறக்கவில்லை என்பதை முதல் வரியிலேயே மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கே ஒரு பொன்னாடை போர்த்தலாம். அடுத்த வரியில், இயக்கவேகம் போதாது என்றார். பந்தியில் உட்காராமலே சாம்பாரில் உப்புக் குறைவு என்று வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போகும் பெரியவரின் நுண்ணுணர்வு அது. எவ்வளவு போதாது, எதோடு ஒப்பிட்டு என்று ஆசிரியர் பணிவோடு வினவினார். அளவுகோல் வைத்துப் பார்ப்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்களுக்கு என்ற பொருளில் பெரியவர் மௌனம் காத்தார். ஒரு மனிதர் நடந்துவந்து, பையில் துழாவி, கார்டை எடுத்து நீட்டும் வாயில் அது. அங்கே சில நானோசெகண்டுகள் வீணாவதைத் தாங்க மாட்டாத அந்த உள்ளத்தின் மென்மையை என்னென்பது!

அவரை அடுத்து எழுந்தவர் ஒரே வாக்கியம் சொன்னார்: இதை ஸ்விட்ச் கேஸ் போட்டு எழுதிவிடலாமே. ஆகா! மீலி, மூர், ஹரேல் எல்லோரும் சுற்றிச்சுற்றி வந்த கோயிலுக்குள் இவர் மட்டும் நேரே நுழைந்துவிட்டார். நிலைக்குள் நிலை வரும்போது ஸ்விட்சுக்குள் ஸ்விட்ச், அதற்குள் இன்னொன்று, நடுவில் மறந்துபோன ஒரு பிரேக், அதைத் தேடி ஒரு வாரம் என்று வாழ்வாங்கு வாழலாம் என்பதை அவர் விரிக்கவில்லை. ஞானிகள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள்.

மூன்றாமவர் வரலாறு அறிந்தவர். பூஸ்டிலேயே ஏற்கெனவே இரண்டு நிலைப்பொறி லைப்ரரிகள் இருக்க மூன்றாவது எதற்கு என்றார். உண்மைதான். 2007இல் வெளிவந்த 1.34 பதிப்பில் ஸ்டேட்சார்ட் என்ற லைப்ரரி இருந்தது, 2010இல் 1.44 பதிப்பில் எம்எஸ்எம் என்பது வந்தது. முன்னது ஓடும்போது நிலையைத் தேடிப் பிடிப்பது. பெரிய திட்டத்தைப் பல கோப்புகளாகப் பிரித்துக்கொள்ள வசதி, வேகம் மட்டு. பின்னது எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டில் கட்டியது. ஓட்டம் பறக்கும், ஆனால் அட்டவணை பெருக்கப் பெருக்கக் கம்பைலர் மூச்சு வாங்கும். இருபது வரிக்கு மேல் போனால் மேக்ரோ வைத்து வரம்பை உயர்த்திக்கொள்ள வேண்டிய காலமும் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று தேடித்தான் நம் எளியவர் எழுதினார். ஆவணத்தின் முதல் அத்தியாயமே அதுதான். முதல் அத்தியாயம் இரண்டாம் திரையில் இருந்தது. எனவே வரலாற்று அறிஞரின் பார்வைக்கு அது தப்பியது. இரண்டையும் தாம் பயன்படுத்தியதில்லை என்பதையும் அவர் பின்னால் கூறினார். பயன்படுத்தியிருந்தால் பட்சபாதம் வந்துவிடும் அல்லவா?

மறுநாள் இன்னொருவர், அந்த இரண்டும் யாருக்கும் பயன்படவில்லை, ஆகவே இதுவும் பயன்படாது என்று தீர்த்துச் சொன்னார். ஒருவர் இருப்பதால் வேண்டாம் என்கிறார், ஒருவர் இருந்தும் பயனில்லாததால் வேண்டாம் என்கிறார். வேறுவேறு வழிகளில் வந்து ஒரே முடிவில் சந்திக்கும் இந்த ஒற்றுமையை எந்தத் தத்துவ மரபிலும் நான் கண்டதில்லை.

இனி, அவையின் மணிமுடி என்று நான் கருதும் பகுதிக்கு வருகிறேன்: பெயர் விவாதம்.

நிகழ்வு ஒன்றைப் பொறிக்குள் செலுத்தும் ஃபங்ஷனுக்கு ஆசிரியர் ப்ராசஸ் ஈவென்ட் என்று பெயர் வைத்திருந்தார். முன்னோர் வைத்த பெயர். பழைய லைப்ரரிகளிலும் அதுவே. ஒரு பெரியவர் அது டிஸ்பாட்ச் என்று இருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் சென்ட் என்றார். மூன்றாமவர், சென்ட் என்றால் அனுப்பிவிட்டுத் திரும்பி வருவதுபோல் தொனிக்கிறது, இங்கே வேலை முடியும்வரை நிற்கிறோம், ஆகவே சென்ட் ஆகாது; வரிசையில் போட்டுவிட்டுப் போகும் இன்னொரு ஃபங்ஷனுக்கு வேண்டுமானால் போஸ்ட் என்று வைக்கலாம் என்றார். அப்படி இன்னொரு ஃபங்ஷன் லைப்ரரியில் இல்லை என்று ஆசிரியர் சொன்னார். அதனால் என்ன, அதற்கும் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் சூட்டும் பெருங்கருணை! அதன்பின் நேம்ஸ்பேஸுக்கு எஃப்எஸ்எம் என்று பெயர் வைக்கலாமா கூடாதா என்ற வழக்கு. எஃப் என்பது முடிவுள்ள என்பதைக் குறிக்கும். பொறிக்குள் வரிசையும் மாறிகளும் இருக்கும்போது அதை முடிவுள்ளது என்பது தத்துவப் பிழை என்றார் ஒருவர். முடிவில்லாத நினைவகம் எந்தக் கணினியில் இருக்கிறது என்றது எதிர்த்தரப்பு. முடிவில்லாதது எது என்று அவையைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் ஐயம் இருந்திருக்காது.

1957இல் பார்க்கின்சன் என்றோர் ஆங்கிலேயர், அணுஉலைத் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் செலவிடும் ஒரு குழுவைப் பற்றி எழுதி வைத்தார். அதைக் கேலி என்று உலகம் தவறாக எடுத்துக்கொண்டது. அணுஉலையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். கொட்டகைக்கு நிறம் தேரும் கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நம் அவையில் வந்த கருத்துகளில் பெரும்பகுதி பெயரைப் பற்றியது. நிகழ்வு வந்து சேரும் வரிசை குலைந்தால் என்ன ஆகும், ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போதே அது இன்னொரு நிகழ்வைக் கிளப்பினால் முதலாவதை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்குமா அல்லது நடுவிலேயே உள்ளே பாயுமா என்பன போன்ற கீழான ஐயங்களுக்கு இடமே வைக்காமல் அவ்விடத்தை நிரப்பினார்கள். நிலைப்பொறியின் உயிர்நாடி அந்த ஐயங்களில்தான் இருக்கிறது என்பார் பாடப்புத்தகக்காரர். இருக்கட்டும். உயிர் போனாலும் பெயர் நிற்கும் என்பது நம் பண்பாடு.

விருப்பம் தெரிவித்த வள்ளல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிற்றறை போன்ற மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதும் ஒரு கோமான், ஓடும்போது கேட்டு வாங்கும் ஹீப் நினைவகத்தைத் தொடவே கூடாது, வேலையை நடுவில் முறித்துப் பிழை சொல்லும் எக்ஸெப்ஷன் கூடாது, சில கிலோபைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். வணிக மென்பொருள் எழுதும் மற்றொரு கோமான், ஓடும்போதே புதிய நிலைகளைச் சேர்க்க முடிய வேண்டும் என்றார். அதற்கு ஹீப் வேண்டும். அலுவலகத்தில் பழைய கம்பைலரோடு வாழ்க்கைப்பட்ட ஒருவர் சி++03இல் ஓடாத எதையும் ஏற்கமாட்டேன் என்றார். சி++20இன் கான்செப்ட்டும் கோரூட்டினும் இல்லாத நூலை இந்நூற்றாண்டில் எழுதலாமா என்று வேறொருவர் வருந்தினார். பல திரெட்கள் ஒரே சமயத்தில் தொட்டாலும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது ஒருவர் ஆணை; பூட்டு என்ற பேச்சை எடுத்தாலே நூலை நிராகரிப்பேன் என்பது அடுத்தவர் ஆணை. நிலைப்பொறியை விவரிக்கும் தரக்குறிப்பான எஸ்சிஎக்ஸ்எம்எல்லில் எழுதிய கோப்பைப் படித்து அப்படியே பொறியாக்கித் தர வேண்டும் என்று ஒருவர் மிக எளிய வேண்டுகோள் வைத்தார். அந்தத் தரக்குறிப்பின் முதல் வரைவு வந்தது 2005இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை இறுதியாக்கியது 2015இல். பத்தாண்டு வேலைக்கு ஆசிரியருக்குப் பத்து நாள் தந்தார்கள். ஒருவரும் தம் விருப்பத்துக்கு ஒரு வரி நிரல் எழுதித் தருவதாகச் சொல்லி ஆசிரியரின் சுயமரியாதையைப் புண்படுத்தவில்லை.

இந்த வள்ளல்களுக்கெல்லாம் தலையாயவர் ஒருவர் உண்டு. அவர் எதைப் பற்றியும் குறை சொல்லவில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது என்றார். அவ்வளவே. நிரல் எழுதிய ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது சொந்தமாக ஒரு நிலைப்பொறி எழுதியிருப்பார்கள். அது எங்கோ ஒரு பழைய ஃபோல்டரில், ஆவணமும் சோதனையும் இன்றி, எழுதியவர் தவிர யாராலும் தொட முடியாத தூய்மையோடு இருக்கும். அதை வெளியே காட்டிச் சிறுமைப்படுத்த மாட்டார்கள். ஆனால் பிறர் எழுதியதை அளக்க அதைவிடச் சிறந்த கோல் கிடையாது. தம்முடையதில் ஆறு வரியில் முடிகிற காரியம் இங்கே ஒன்பது வரி ஆகிறது என்றார் அவர். அந்த ஆறு வரியைக் காட்ட முடியுமா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அலுவலக நிரல், வெளியே தர இயலாது என்றார். காணாத ஆறு வரி கண்ட ஒன்பது வரியை வென்ற அந்தக் கணத்தில் நான் மெய்மறந்தேன்.

அவை இப்படிச் செழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறு இடையூறு நேர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை எதிர்கொண்ட விதத்தில்தான் அவையின் பெருந்தன்மை ஒளிவிட்டது.

புதிதாக வந்த ஒரு பெண், வயதிலும் சிறியவர், லைப்ரரியை இறக்கிக் கம்பைல் செய்துவிட்டார். யாரும் கேட்காத வேலை. போதாக்குறைக்கு அந்த மெட்ரோ வாயில் எடுத்துக்காட்டை எடுத்து, கட்டணம் பிடிக்கும் செயலுக்குள் ஓர் எக்ஸெப்ஷனை வீசிப் பார்த்தார். கார்டு சர்வர் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நாள்தோறும் நடப்பதுதான். பூட்டிய நிலையை விட்டு வெளியேறும்போது மோட்டார் தளர்ந்துவிட்டது. கட்டணம் பிடிக்கும் இடத்தில் எக்ஸெப்ஷன் வெடித்தது. திறந்த நிலைக்குள் பொறி நுழையவில்லை. இப்போது வாயில் திறந்து கிடக்கிறது. பொறியோ தன் கணக்கில் பூட்டியிருப்பதாக எழுதி வைத்திருக்கிறது. அடுத்த கார்டு வருகிறது, மறுபடியும் முதலிலிருந்து. இதைப் பத்து வரிச் சோதனையாக எழுதி இணைத்து, இந்த நேரத்தில் பொறி எந்த நிலையில் இருக்கிறதென்று கொள்வது என்று கேட்டார். ஸ்டேட்சார்ட்டில் எக்ஸெப்ஷனையே ஒரு நிகழ்வாக மாற்றிப் பொறிக்குக் கொடுக்க ஏற்பாடு உண்டு. எம்எஸ்எம்மில் நிலை எந்தக் கணத்தில் மாறியதாகக் கொள்வது என்பதற்கு நான்கு தெரிவுகள் உண்டு. இங்கே ஒன்றும் காணோமே என்றும் எழுதியிருந்தார்.

அவ்வளவு கூட்டத்தில் ஆசிரியரை உண்மையிலேயே மடக்கக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். மட்டமான கூட்டமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கும். நம் சான்றோர் அப்படிச் செய்வார்களா? அவருடைய சோதனைக் கோப்பில் இடைவெளிக்கு டேப் போட்டிருக்கிறது, நான்கு ஸ்பேஸ் அல்லவா முறை என்று ஒருவர் அன்போடு திருத்தினார். உழைப்பு பற்றிய வினாவுக்கு அந்தப் பெண் ஆழ்ந்த படிப்பு என்று விடை எழுதியிருந்ததை இன்னொருவர் சுட்டி, புதியவர்களுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை ஆகாது என்று தந்தையைப்போல் எச்சரித்தார். டேப்பா ஸ்பேஸா என்ற வாதம் அன்று மாலைவரை சிறப்பாக நடந்தது. அந்தப் பெண் அதன்பின் எதுவும் எழுதவில்லை. அவை அவரை அவ்வளவு விரைவில் பண்படுத்திவிட்டது.

அந்த லைப்ரரியின் முன்வரைவைத் தங்கள் தயாரிப்பில் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்கள் வாய் திறக்கவில்லை. பணமும் கொடுக்கவில்லை. அவர்களுடைய அடக்கத்தைப் பற்றி மேலும் எழுதினால் அவர்களே வெட்கப்படுவார்கள்.

மேலாளர் பெருமானின் நடுநிலையைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவனாவேன். எடைபோட வேண்டியவர் என்பதால் எடையுள்ள எதையும் படித்து மனத்தைக் கலக்கிக்கொள்ளாமல் இருந்தார். பத்து நாள் முடிந்தது. பின் அவருடைய சொந்த அலுவல்களும் முடிந்தன. பின் தீர்ப்பு வந்தது. நிபந்தனைகளுடன் ஏற்பு. ஆகா, எத்தனை கனிவான சொற்கள்! நிராகரித்தால் ஆசிரியர் அழுதுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். ஏற்றால் மகிழ்ந்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். நிபந்தனைகளுடன் ஏற்றால்தான் தூக்கமே வராது, உழைப்பு பெருகும்.

முதல் நிபந்தனை, ஃபங்ஷனின் பெயரை மாற்ற வேண்டும். எந்தப் பெயராக என்பதில் அவை ஒருமுகப்படாததால் அதை ஆசிரியரின் விவேகத்துக்கு விட்டார்கள். மாற்றியபின் மறுபடி ஆய்வார்கள். இரண்டாவது, ஹீப் இல்லாமலும் ஓடும்போது நிலைகளைச் சேர்க்கும்படியும் செய்ய வேண்டும். மூன்றாவது, பழைய கம்பைலரிலும் புதிய வசதிகளோடு ஓட வேண்டும். நான்காவது, ஆவணம் மிக எளிமையாக இருப்பதால் இத்துறையின் கௌரவத்துக்கு ஏற்ப அதைத் திருத்த வேண்டும். கடைசியில், மற்றும் சில சில்லறைக் குறிப்புகள் என்று ஒரு வரி. பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு திறந்து கிடந்த வாயில் அந்த வரிக்குள் எங்கோ இருக்க வேண்டும். நான் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. சான்றோர் எழுத்தில் எல்லாம் மேலோட்டமாகத் தெரிந்துவிடுமா?

நிபந்தனையோடு ஏற்ற நூல் உடனே வெளிவந்துவிடும் என்று எண்ணும் அவசரக்காரர்களுக்கு ஒரு சொல். பூஸ்டிலேயே 2005இல் ஆய்வுக்கு வந்த ஸ்டேட்சார்ட் 2007இல்தான் வெளியீட்டைக் கண்டது. 2010இல் நிபந்தனைகளுடன் ஏற்கப்பட்ட லாக் என்ற லைப்ரரி 2013இல் வெளிவந்தது. அங்கே அந்த ஆண்டுகளில் நூல் வளர்ந்தது என்பார்கள். நம் அவையில் நூலோடு சேர்ந்து ஆசிரியரின் பொறுமையும் வளரட்டும் என்று இன்னும் தாராளமாக அவகாசம் தருவார்கள்.

ஆசிரியர் முதல் நிபந்தனையை நிறைவேற்றினார். மாலைகள் பல போயின. எல்லாக் கோப்புகளிலும், ஆவணத்திலும், சோதனைகளிலும் பெயர் மாறியது. இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதைத் தொட்டபோது இரண்டாவது உடைந்தது. அதன்பின் அவரிடமிருந்து செய்தி குறைந்து, நின்றுவிட்டது. இதை அவர் தோல்வி என்று நினைத்திருந்தால் அறியாமை. அவையின் ஆலோசனைகளை ஒன்றுவிடாமல் ஏற்கும் பணிவு அவருக்கு இருந்தது. அப்பணிவின் எல்லைவரை அவரை அழைத்துச் சென்று காட்டிய பெருமை அவையைச் சேரும். லைப்ரரி இப்போதும் இருக்கிறது. எக்ஸெப்ஷன் பிழையும் அதற்குள் நலமாக இருக்கிறது, புதிய ஃபங்ஷன் பெயரோடு. பராமரிக்க ஆள் தேவை என்ற அறிவிப்பு முகப்பில் தொங்குகிறது. மதிப்பாய்வில் அத்தனை அக்கறை காட்டிய பெருமக்களுள் யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. இடம் கொடுத்து ஒதுங்குவதும் ஒரு பண்பு.

மகிழ்ச்சியான செய்தி ஒன்றோடு முடிக்கிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது என்று சொன்ன அந்தப் பெருந்தகை, தம் நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அதை மதிப்பாய்வுக்கு அனுப்பப் போவதாகக் கேள்வி. அவை விரைவில் கூடும், ஆய்வாளர்கள் தேவைப்படுவார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், நிலைப்பொறி என்றால் என்னவென்று இந்தக் கட்டுரையில் முதன்முதலாகப் படித்தவர்கள் எல்லோரும் தயங்காமல் பெயர் கொடுங்கள். கம்பைலர் கொண்டுவர வேண்டியதில்லை.